ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும்

பதினொன்றாம் வகுப்பில் இரத்த வகைகளை நடத்தும்போது, யாருக்கு யார் இரத்தம் தரலாம் என்ற அட்டவணையைப் பலகையில் போட்டுப் பாடத்தை முடிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது என்று சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் இருந்தால் ஏ வகை. அதே இடத்தில் கேலக்டோஸ் இருந்தால் பி வகை. நுனியில் உள்ள இந்த ஒரு சர்க்கரை பொருந்தாத இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சங்கிலிகள் அந்தரத்தில் தொங்குவதில்லை. சில கொழுப்பு மூலக்கூறுகளோடும், சில புரதங்களோடும் பிணைந்திருக்கின்றன. சர்க்கரை பிணைந்த புரதத்தைக் கிளைக்கோபுரதம் என்கிறோம். நம் பாடநூல்களில் கார்போஹைட்ரேட்டுக்கு ஒரு பகுதி, புரதத்துக்கு ஒரு பகுதி என்று தனித்தனியாக இருப்பதால், இவை இரண்டும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருக்கும் என்பது மாணவர் மனதில் பதிவதே இல்லை. உடலிலோ நிலைமை வேறு. இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருள்கள், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின், இன்சுலினைப் பிடிக்கும் செல் ஏற்பி, கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் எல்லாமே கிளைக்கோபுரதங்கள். ஸ்பைக் புரதத்தின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஆஸ்பரஜின் வழியாகச் சர்க்கரை ஏறக்கூடிய 22 இடங்கள் உள்ளன.

இவற்றை ஆராய வேண்டுமானால் முதலில் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தத்திலோ ஒரு விதைச் சாற்றிலோ ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் சர்க்கரை சுமப்பவற்றை மட்டும் எப்படி அழைத்து நிறுத்துவது? அதற்கு ஆய்வகங்கள் இன்றும் நம்பியிருப்பது விதைகளுக்குள் இருக்கும் லெக்டின் என்ற புரதங்களைத்தான். முதுகலைக்குப் பின் சிறிது காலம் ஓர் ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அப்போது கற்றதை இப்போது வேதிச்சமநிலைப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறேன். உயிரியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்துவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கதை 1888இல் தொடங்குகிறது. இன்றைய எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகரம் அப்போது டார்பட் எனப்பட்டது. அங்கே முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க், ஆமணக்கு விதை ஏன் நஞ்சாகிறது என்று தேடினார். விதைச் சாற்றை இரத்தத்தோடு கலந்தபோது சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அந்தப் புரதத்துக்கு ரிசின் என்று பெயரிட்டார். அவர் பார்த்த திரட்சிக்குப் பெரும்பாலும் காரணம் ரிசினுடன் கலந்திருந்த அதன் உறவுக்காரப் புரதம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. சில ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தில் குன்றிமணியிலும் இப்படியொரு புரதம் கண்டறியப்பட்டது. அதன் பெயர் அப்ரின்.

அடுத்த முக்கியமான பெயர் ஜேம்ஸ் சம்னர். யூரியேஸ் நொதியை 1926இல் படிகமாக்கி, நொதிகள் புரதங்களே என்று காட்டியதற்காக 1946இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பதினேழாம் வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தும் வலது கையால் அத்தனை சோதனைகளையும் செய்தார். இந்தத் தகவலை வகுப்பில் சொல்லத் தவறுவதே இல்லை. அவர் யூரியேஸுக்காக எடுத்துக்கொண்ட விதை ஜாக் பீன். நம் ஊர்த் தோட்டங்களில் வளரும் வாளவரையின் நெருங்கிய இனம். யூரியேஸுக்கு முன்பே, 1919இல், அதே விதையிலிருந்து இன்னொரு புரதத்தைப் படிகமாக்கி அதற்குக் கான்கனவாலின் ஏ என்று பெயர் வைத்தார். பின்னர் 1936இல், சம்னரும் ஹோவெல்லும் அந்தப் புரதம் சிவப்பணுக்களைத் திரளச் செய்கிறது என்பதையும், கரும்புச் சர்க்கரையைச் சேர்த்தால் அந்தத் திரட்சி தடைப்படுகிறது என்பதையும் காட்டினார்கள். சர்க்கரை வந்ததும் பிடி விடுகிறது என்றால், அந்தப் புரதம் பிடித்திருந்ததும் சர்க்கரையைத்தான் என்று பொருள். இன்றைய பிரித்தெடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு கவனிப்பில் அடங்கியிருக்கிறது.

1940களில் அமெரிக்காவின் வில்லியம் பாய்டு, சில விதைச் சாறுகள் குறிப்பிட்ட இரத்த வகையை மட்டும் திரளச் செய்வதைக் கண்டார். 1954இல் அவரும் எலிசபெத் ஷேப்லீயும், 'தேர்ந்தெடு' என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து லெக்டின் என்ற பெயரை உருவாக்கினார்கள். இதற்கிடையில் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜி.டபிள்யூ.ஜி. பேர்டு, நாம் ரசம் வைக்கும் கொள்ளின் சாறு ஏ வகை இரத்தத்தைத் தேர்ந்து திரளச் செய்கிறது என்று 1951இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். ஏ வகைக்குள்ளும் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகள் உண்டு. தகுந்த அளவுக்கு நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 அணுக்களை மட்டும் திரளச் செய்யும். இரத்த வங்கிகளில் இன்றும் இதற்காகக் கொள்ளு லெக்டின் பயன்படுகிறது. அதுபோலவே, 1952இல் வெளியுலகுக்குத் தெரியவந்த பாம்பே இரத்த வகையைக் கண்டறிய, யூலெக்ஸ் என்ற ஐரோப்பியப் புதரின் விதை லெக்டின் உதவுகிறது. அது ஃபியூகோஸ் உள்ள எச் சங்கிலியைத் தேடும். பாம்பே வகையினரின் அணுக்களில் அந்தச் சங்கிலி இல்லாததால் திரட்சி ஏற்படாது.

ஒரு லெக்டினால் ஏன் அணுக்களைத் திரளச் செய்ய முடிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். கான்கனவாலின் ஏ, நடுநிலைக் கரைசலில், நான்கு அலகுகள் சேர்ந்த மூலக்கூறு. ஒவ்வோர் அலகிலும் 237 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றிலும் சர்க்கரையைப் பிடிக்க ஒரு பள்ளம். நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கை ஓர் அணுவையும் மற்றொரு கை அடுத்த அணுவையும் பிடித்தால் திரட்சிதான். இந்தக் கைகள் சரியாக நிற்க ஒவ்வோர் அலகிலும் ஒரு கால்சியம் அயனியும் ஒரு மாங்கனீசு அயனியும் வேண்டும்.

அணுக்களை விட்டுவிட்டுப் புரதங்களுக்கு வருவோம். இதை விளக்க மாட்டின் கணையத்தில் உள்ள ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியைத்தான் எடுப்பேன். இது ஏ, பி என்று இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. இரண்டிலும் அதே 124 அமினோ அமிலங்கள், அதே வரிசை, அதே மடிப்பு. பி வடிவத்தில் மட்டும் 34ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பரஜினில் ஒரு சர்க்கரைக் கிளை பிணைந்திருக்கிறது. அந்தக் கிளையில் மேனோஸ் சர்க்கரைகள் ஐந்து முதல் ஒன்பது வரை இருக்கும். மூலக்கூறு நிறை ஏ வடிவத்துக்குச் சுமார் 13,700; பி வடிவத்துக்குச் சுமார் 15,000. அளவைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் இந்தச் சிறு வேறுபாடு போதாது. புரதச் சங்கிலியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினால் அது இரண்டையும் பிடித்துவிடும். மேனோஸைத் தேடும் கான்கனவாலின் ஏ மட்டும் பி வடிவத்தைப் பிடித்து ஏ வடிவத்தை விட்டுவிடும்.

லெக்டினைக் கரைசலில் அப்படியே போட்டால் அதையும் பிறகு பிரிக்க வேண்டிவரும். ஆகவே அதை ஒரு திண்மத்தில் கட்டிவைக்க வேண்டும். அதற்கு அகரோஸ் மணிகள் பயன்படுகின்றன. மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடல்பாசிகளிலிருந்து அகர் எடுக்கிறார்கள் அல்லவா, அந்த அகரின் தூய கூறுதான் அகரோஸ். அதில் புரதத்தை வேதிப்பிணைப்பால் கட்டும் வழியை 1967இல் ஸ்வீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்கள் சயனோஜன் புரோமைடைக் கொண்டு காட்டினார்கள். அடுத்த ஆண்டே குவாட்ரகாசஸ், வில்செக், அன்ஃபின்சென் மூவரும் இந்த வகைப் பிரிப்புக்கு நாட்ட வண்ணப்பிரிகை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். லெக்டின் கட்டிய மணிகள் இப்போது கடையில் விலைக்குக் கிடைக்கின்றன. பார்க்க வேகவைத்த ஜவ்வரிசிக் கூழ் போலத்தான் இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு.

இந்த மணிகளைச் சிறு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, தாங்கல் கரைசலை ஓடவிடுவோம். அமிலத்தன்மை சுமார் பி.எச். 7.4, அதில் ஒவ்வொன்றும் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும், அரை மோலார் சாதாரண உப்பு. உப்பு எதற்கு என்றால், எதிரெதிர் மின்சுமை காரணமாகத் தற்செயலாக ஒட்டும் புரதங்களைத் தடுப்பதற்கு. இங்கே பாஸ்பேட் தாங்கலைப் பயன்படுத்தினால் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிவாகும். இ.டி.டி.ஏ. சேர்த்தால் அது உலோக அயனிகளைப் பறித்துக்கொண்டு லெக்டினைச் செயலிழக்கச் செய்யும். புரதச் சாறு தயாரிக்கும்போது இ.டி.டி.ஏ. சேர்ப்பது பல ஆய்வகங்களில் கைப்பழக்கம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். வேதியியல் ஆசிரியர்கள் நீரின் கடினத்தன்மையைக் கண்டறிய இ.டி.டி.ஏ.வைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான்.

பிறகு புரதக் கலவையை மெதுவாக ஊற்றுவோம். ரிபோநியூக்ளியேஸ் ஏ நிற்காமல் வெளியேறும். பி மணிகளில் தங்கும். வெளிவரும் நீரில் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அறவே இறங்கும்வரை தாங்கல் கரைசலால் கழுவுவோம். இதுவரை சொன்னதை மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள். பூட்டும் சாவியும் என்ற உவமை நொதிப் பாடத்திலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். ஒருமுறை இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "ஒட்டுனது ஒட்டிக்கிச்சே சார், இனிமே அதை எப்படி எடுப்பீங்க?"

அந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர். பூட்டு-சாவி உவமை பிடிப்பதை விளக்குகிறது, விடுவதை விளக்குவதில்லை. இறுகப் பிடிப்பதுதான் நல்லது என்று நாமும் நினைக்கிறோம். உண்மையில் மிக இறுகப் பிடிக்கும் ஒரு புரதம் கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலேயே இருக்கிறது. பச்சை முட்டையை நிறையச் சாப்பிடுவோருக்கு பயோட்டின் குறைபாடு வரக் காரணமான அவிடின்தான் அது. அவிடின்-பயோட்டின் பிணைப்பின் பிரிகை மாறிலி சுமார் 10-இன் அடுக்கு -15 மோலார். அதைக் கழற்ற 6 முதல் 8 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடை, பி.எச். 1.5 என்ற கடும் அமில நிலையில் ஊற்ற வேண்டும். அந்தக் கரைசலில் பெரும்பாலான புரதங்களின் மடிப்பே குலைந்துவிடும். நாம் எடுக்க நினைத்த நொதி கைக்கு வரும்போது உயிரற்ற நூலாக வரும்.

கான்கனவாலின் ஏ அப்படிப் பிடிப்பதில்லை. மீதைல் ஆல்ஃபா மேனோசைடு என்ற எளிய சர்க்கரையோடு அதன் பிரிகை மாறிலி சுமார் 0.1 மில்லிமோலார். கிளைத்த மேனோஸ் சங்கிலியோடு பிடிப்பு இதைவிட வலுவானது; ஆனாலும் அவிடினோடு ஒப்பிட்டால் மிக மிகத் தளர்ந்தது. மணியில் ஒட்டியிருக்கும் கிளைக்கோபுரதம் ஒவ்வொரு கணமும் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அமர்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது அசையாமல் ஒட்டியிருப்பதுபோலத் தெரிகிறது. இயங்கு சமநிலை என்று வேதியியலில் நாம் சொல்வது இதைத்தான்.

இப்போது 0.2 மோலார் மீதைல் மேனோசைடு கரைசலை ஓடவிடுகிறோம். அதாவது ஒரு லிட்டரில் சுமார் 39 கிராம். லெக்டினின் பள்ளங்களில் நிரம்பியவைக்கும் காலியானவைக்கும் உள்ள விகிதம், சர்க்கரைச் செறிவைப் பிரிகை மாறிலியால் வகுத்தால் கிடைக்கும்: 0.2 ÷ 0.0001 = 2000. இரண்டாயிரம் இருக்கைகளில் புதிய சர்க்கரை உட்கார்ந்திருக்கும்போது ஓர் இருக்கை மட்டுமே காலி. கிளைக்கோபுரதம் ஒரு கணம் கையை விட்டதும் அந்த இடத்தில் சர்க்கரை அமர்ந்துவிடுகிறது. இடமில்லாத புரதம் நீரோட்டத்தோடு வெளியே வருகிறது. அமிலமும் இல்லை, சூடும் இல்லை. நொதி தன் மடிப்போடும் செயலோடும் கிடைக்கிறது. அதனுடன் வந்த சர்க்கரையை டயாலிசிஸ் மூலம் நீக்கிவிடலாம். 194 நிறையுள்ள சர்க்கரை மென்படலத் துளை வழியே வெளியேறும், 15,000 நிறையுள்ள புரதம் உள்ளே நிற்கும்.

சாதாரண மேனோஸை ஊற்றினால் ஆகாதா? ஆகும், ஆனால் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். நீரில் கரைந்த மேனோஸ் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வடிவங்களுக்கிடையே மாறிக்கொண்டே இருக்கும். கான்கனவாலின் ஏ தேடுவது ஆல்ஃபாவை. முதல் கார்பனில் மீதைல் தொகுதியைச் சேர்த்துவிட்டால் வளையம் திறக்க வழியில்லை. எல்லா மூலக்கூறும் ஆல்ஃபாவாகவே நிற்கும். மியூட்டா சுழற்சியை மனப்பாடமாக மட்டும் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு, அதற்கு ஓர் ஆய்வகத்தில் விலை இருக்கிறது என்று காட்ட இது நல்ல இடம்.

கேள்வி கேட்ட அந்த மாணவியின் வகுப்பிலேயே இதை விளையாட்டாகச் செய்து பார்த்தோம். எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சிவப்பு அட்டை வைத்திருக்கும் எட்டுப் பேரை உட்காரவைத்தேன். விசில் ஊதினால் எல்லோரும் எழுந்து ஒரு சுற்று நடந்து, அருகிலுள்ள நாற்காலியில் அமர வேண்டும். எத்தனை முறை ஊதினாலும் எட்டுப் பேரும் திரும்ப அமர்ந்துவிடுகிறார்கள். அடுத்து நீல அட்டையோடு முப்பது பேரை வட்டத்துக்குள் விட்டேன். இவர்கள்தான் சர்க்கரை. முப்பத்தெட்டுப் பேருக்கு எட்டே நாற்காலி. விசில் ஊதியதும் இடம் கிடைக்காத சிவப்பு அட்டைக்காரர் கதவு வழியே வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. அது குழாயின் நீரோட்டம். கணக்குப்படி முதல் விசிலிலேயே சராசரியாக இரண்டு சிவப்பு அட்டைக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். மூன்றாவது விசிலில் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. யாரும் யாரையும் இழுக்கவில்லை, தள்ளவில்லை என்பதை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இதன் அடுத்த சுற்று இன்னும் பயனுள்ளது. சிவப்பு அட்டைக்காரர்களை இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்கச் சொல்லுங்கள். இருவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தாலும் இருவரும் தங்கலாம். இப்போது அவர்களை வெளியேற்ற அதிக விசில்கள் தேவைப்படும். ஒரே புரதத்தில் பல சர்க்கரைக் கிளைகள் இருந்தால் நடப்பது இதுதான். பேருந்துக் கம்பியை இரு கைகளாலும் பிடித்திருப்பவர் ஒரு கையை எடுத்தாலும் விழுவதில்லை. அப்படிப்பட்ட புரதங்கள் கான்கனவாலின் ஏ குழாயில் சிக்கிக்கொண்டு, அரை மோலார் சர்க்கரைக்கும் முழுதாக வெளிவராமல் அடம்பிடிக்கும். ஆய்வகத்தில் அப்போது நாங்கள் செய்தது, சர்க்கரைக் கரைசல் குழாயில் நிறைந்ததும் அடைப்பை மூடி, ஓட்டத்தை நிறுத்தி அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு திறப்பது. இரு கைகளும் ஒரே நேரத்தில் விடும் தருணம் வரக் காலம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் மசியாவிட்டால் மைசூர் பருப்பின் லெக்டினுக்கு மாறலாம். அதுவும் மேனோஸைத் தேடுவதுதான். ஆனால் அதன் பிடி இன்னும் தளர்வு. தளர்வான பிடியுள்ளதைத் தேடி வாங்குவது மாணவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இந்த முறையின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். லெக்டின் ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒரு சர்க்கரை வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த வடிவத்தைச் சுமக்கும் எல்லாப் புரதமும் ஒன்றாக வெளிவரும். அதனால் இது பெரும்பாலும் முதல் படியாகவோ இடைப்படியாகவோதான் இருக்கும். இன்சுலின் ஏற்பியைப் பிரிக்கக் கோதுமை முளையின் லெக்டினைப் பயன்படுத்திவிட்டு, அடுத்த படியில் வேறு முறைக்குப் போவார்கள். மேலும், மணியில் கட்டிய லெக்டின் சிறிது சிறிதாகக் கசிந்து, எடுத்த புரதத்தோடு கலக்கும். ஆராய்ச்சிக்கு அது பெரிய சிக்கல் இல்லை. மனிதருக்குச் செலுத்தும் மருந்து என்றால் பெரும் சிக்கல், ஏனெனில் கான்கனவாலின் ஏ நம் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும். எல்லாவற்றுக்கும் தீர்வு என்று இதை வகுப்பில் விற்க வேண்டாம்.

மற்ற லெக்டின்களில் என்னைக் கவர்ந்தது பலாக்கொட்டையில் உள்ள ஜாக்கலின். குழம்பில் போட்டு நாம் சாப்பிடும் அதே கொட்டைதான். செரின், திரியோனின் அமினோ அமிலங்களோடு பிணைந்த குட்டையான சர்க்கரைகளை இது பிடிக்கும். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 1985இல் இதற்கு ஜாக்கலின் என்று பெயரிட்டு, இது மனித இம்யுனோகுளோபுலின் ஏ எதிர்ப்பொருளைப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். அந்த எதிர்ப்பொருளில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை. (இரத்தத்தின் ஏ1, ஏ2 வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்துக்கு நாம் பொறுப்பல்ல.) ஏ1 வகையின் நடுவில் மடங்கும் கீல் போன்ற ஒரு நீண்ட பகுதி உண்டு, குட்டைச் சர்க்கரைகள் அங்கேதான் உள்ளன. ஏ2 வகையில் அந்தப் பகுதி சுருங்கியிருப்பதால் சர்க்கரையும் இல்லை. ஆகவே ஜாக்கலின் குழாயில் ஏ1 தங்கும், ஏ2 ஓடிவிடும். பிறகு கேலக்டோஸ் கரைசலை ஊற்றி ஏ1 வகையைக் கழற்றலாம். ஜாக்கலினின் முப்பரிமாண அமைப்பை 1996இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா ஆகியோரின் குழு வெளியிட்டது.

இப்படி ஏ1 வகையைத் தனியே எடுப்பதில் நோயாளிகளின் நலன் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஐ.ஜி.ஏ. சிறுநீரக நோய் என்று ஒன்று உண்டு. அந்த நோயாளிகளின் ஏ1 எதிர்ப்பொருளில், கீல் பகுதிச் சர்க்கரைகள் சிலவற்றில் கேலக்டோஸ் விடுபட்டிருக்கும். இந்தக் குறையுள்ள எதிர்ப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கின்றன. இதை ஆராய்ந்தவர்கள் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து ஏ1 வகையைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தியது பலாக்கொட்டைப் புரதத்தைத்தான்.

மைசூர் பருப்பின் லெக்டினுக்கும் மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு. கல்லீரல் புற்றுநோயில் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் உயரும். ஆனால் சாதாரணக் கல்லீரல் அழற்சியிலும் அது உயர்வதால் மருத்துவருக்குக் குழப்பம். புற்றுச் செல்கள் சுரக்கும் புரதத்தில், சர்க்கரைக் கிளையின் அடியில் ஒரு ஃபியூகோஸ் கூடுதலாக இருப்பது அதிகம். அந்த ஃபியூகோஸ் உள்ளதை மைசூர் பருப்பு லெக்டின் தேர்ந்து பிடிக்கிறது. ஜப்பானில் உருவான எல்3 பரிசோதனை இந்த அடிப்படையில் அமைந்தது. மொத்தத்தில் எல்3 பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டினால் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்று கொள்கிறார்கள்.

சர்க்கரை, புரதம் என்ற இரு சொற்களும் சேர்ந்து வந்தாலே மாணவர்கள் நீரிழிவுக்குத் தாவிவிடுவார்கள். வீட்டில் யாருக்காவது மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்திருப்பார்கள். அதில் அளப்பதும் குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபின்தான். ஆனால் அந்தக் குளுக்கோஸ், நொதியின் உதவியின்றி, இரத்தத்தில் அதிகம் இருப்பதால் தானாக ஒட்டியது. ஒட்டியபின் அதன் வடிவமும் மாறிவிடுகிறது. கிளைக்கோபுரதத்தில் உள்ள சர்க்கரைக் கிளையைச் செல்லே நொதிகளைக் கொண்டு திட்டமிட்டுக் கட்டுகிறது. லெக்டின் தேடுவது இரண்டாவதை. முதலாவதைப் பிரிக்க போரோனேட் சேர்மம் கட்டிய மணிகளைப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவது நல்லது.

பள்ளி ஆய்வகத்தில் இதை நேரடியாகச் செய்து காட்ட முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். லெக்டின் மணிகளின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. விதைச் சாற்றை எடுத்து மாணவர் இரத்தத்தோடு கலந்து காட்டலாமே என்ற யோசனையும் வரும். வேண்டாம். மாணவர் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தை வகுப்பறையில் கையாள்வது தொற்று அபாயம். ஆமணக்கு, குன்றிமணி இரண்டையும் எந்தச் சோதனைக்கும் அரைக்கவோ உடைக்கவோ கூடாது. ரிசினும் அப்ரினும் சர்க்கரையைப் பிடிக்கும் ஒரு பகுதியால் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, உள்ளே நுழைந்து, மற்றொரு பகுதியால் ரிபோசோம்களைச் செயலிழக்கச் செய்பவை. மாற்றுமருந்து இல்லை. குன்றிமணியின் கெட்டியான தோல் உடையாத வரை ஆபத்து குறைவு என்பதால் அதைப் பல்லாங்குழிக்கும் அலங்காரத்துக்கும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கையில் அது கிடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலி விளையாட்டுக்கு ஒரு விசிலும் அட்டைகளும் போதும்.

இதை நடத்தியதும் தவறாமல் வரும் கடைசிக் கேள்வி: "அப்போ கொள்ளு ரசம் குடிச்சா நம்ம இரத்தம் கட்டிக்குமா சார்?" கட்டாது. லெக்டினும் புரதம்தான், நன்றாகக் கொதிக்கும்போது அதன் மடிப்பு குலைந்து, சர்க்கரையைப் பிடிக்கும் பள்ளம் இல்லாமல் போகிறது. சரியாக வேகாத ராஜ்மாவில் மட்டும் கவனம் தேவை. அதில் உள்ள ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்கு கொதிக்க வேகவைக்க வேண்டும். இதே ராஜ்மா லெக்டினைத்தான் 1960 வாக்கில் அமெரிக்காவின் பீட்டர் நோவெல், இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைத் திரளச் செய்து நீக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். மிஞ்சிய வெள்ளணுக்கள் பகுப்படையத் தொடங்கியதைக் கண்டு அவர் வியந்தார். பகுப்படையும் செல்லில்தான் குரோமோசோம்களை எண்ண முடியும். பாடநூலில் நாம் காட்டும் மனிதக் கேரியோடைப் படத்துக்காக இரத்தத்திலிருந்து செல்களை வளர்க்கும்போது, பரிசோதனைக் கூடங்களில் இன்றும் அந்த லெக்டினைத்தான் சேர்க்கிறார்கள்.